டேங்குக்கு அடியில நின்ன தண்ணி

“ஆமா, ஊத்துனேன். ஊத்தலன்னு நான் எப்ப சொன்னேன்? ஊத்தச் சொன்னது யாரு, அத மொதல்ல சொல்லுங்க. இல்ல அங்கிள், நீங்க காலையிலயே நானூறு பேருக்கு முன்னாடி பேசி முடிச்சிட்டீங்க, இப்ப என் முறை. படிச்ச பொண்ணான்னு கேக்காதீங்க. படிச்ச பொண்ணுதான். படிக்கிறது கிருமியப் பத்திதான். அதுக்காக நீங்க டேங்குக்கு மூடி வாங்கிப் போடாதது என் படிப்புல சேருமா? கத்தல. குளிருல பல்லு தந்தியடிக்குது, அது உங்களுக்குக் கத்துற மாதிரி கேக்குது. பொங்கலுக்குள்ள காலி பண்ணுன்னா எங்க போறது நாங்க? ஹலோ? ஹலோ.”

வெச்சுட்டாரு. வெயிலுகந்தாள் போன காதுலேருந்து எடுக்காமலே அடுப்படி நடுவுல நின்னா, வாயத் தெறந்தா பொக பொகயா மூச்சு வந்துச்சு, வீட்டுக்குள்ளயே. பேரு வெயிலுகந்தாள். விருதுநகர்ல வெயிலத் தவிர வேற எதையும் வரமாக் கேக்காத அம்மன் பேரு. அந்தப் பேர வெச்சவங்க இப்ப வந்து பாக்கணும், அயர்லாந்துல லிமரிக்குக்கு வெளிய ஒரு வாடகை வீட்டுல, ரெண்டு ஸ்வெட்டரு, அதுக்கு மேல ஒரு ஜெர்கினு, அதுக்கு மேல கூடத் தங்கியிருந்த மெர்லின் விட்டுட்டுப் போன போர்வைன்னு, உரிக்காத வெங்காயம் மாதிரி நிக்கிறத. இன்னும் பேசி முடிக்கல அவ. வாய்க்குள்ள பாதி வாக்கியம் அப்படியே நிக்குது. குணசீலன் அங்கிள் எப்பவுமே இப்படித்தான், தான் பேசுறது முடிஞ்சா பேச்சே முடிஞ்சிருச்சுன்னு நெனைப்பாரு. வீட்டுக்காரரு, தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளரு, பொங்கல் விழாவுக்கு ஹால் புடிக்கிறதுலேருந்து கரும்பு எறக்குறது வரைக்கும் அவருதான். அண்ணேன்னு கூப்புடுங்கம்மான்னு முதல் நாளே சொன்னாரு. நரைச்ச மீசையப் பாத்துட்டு யாருக்கும் வாய் வரல. அங்கிளாவே ஆயிட்டாரு, அதுலயும் ஒரு கோவம் இருக்கும் போல. காலையில நானூறு பேரு இருக்கிற சங்கத்து வாட்சப் குரூப்புல ஒரு படம் போட்டிருந்தாரு. பின்கட்டுல, வீட்டச் சூடாக்குற பாய்லருக்குன்னு நிக்கிற பச்ச எண்ணெ டேங்கு, வயித்துல மூணு பட்ட விபூதி, நடுவுல குங்குமம். கீழ, எண்ணெக்கு அபிஷேகம் பண்ணுன புத்திசாலிப் பொண்ணுங்கன்னு ஒரு வரி, தண்ணி ஊத்தி டேங்கயே கெடுத்துட்டாங்கன்னு ஒரு வரி, வீடு பொங்கலுக்குள்ள காலியாகுது, வேணுங்கிறவங்க கேளுங்கன்னு ஒரு வரி. அதுக்குக் கீழ வரிசையா கண்ணுல தண்ணி வர்ற சிரிப்பு மூஞ்சிங்க. தெரிஞ்சவங்க, தெரியாதவங்க, போன மாசம் இவ கையால கேசரி வாங்கித் தின்னவங்க. இந்த ஊர்ல ஒரு ரூம் காலின்னா முப்பது பேரு வாசல்ல நிக்கிறாங்க, கார்ல படுத்துத் தூங்கி காலேஜுக்கு வர்ற பசங்க இருக்காங்க, அது சிரிக்கிற அத்தன பேருக்கும் தெரியும். சிரிப்பு மூஞ்சிங்கள்ள ஒண்ணு மெர்லினோடது.

அதத்தான் அவளால முழுங்க முடியல. அங்கிள் சொன்னத முழுங்கலாம், துப்பலாம், திருப்பி ஏசலாம். மெர்லின் அன்னைக்கு ஊத்துறப்ப பக்கத்துல நின்னவ. ஒரே வீட்டுல இவளோட சேந்து இருக்கிற ஒரே ஆளு. மார்த்தாண்டத்துக்காரி, ஜெபம் பண்ற பொண்ணு, ஆனாலும் ஆயுத பூஜை சுண்டலுக்குத் தேங்கா துருவிக் குடுத்தவ அவதான். பாய்லரு நின்னு போன ரெண்டு ராத்திரியும் குளிருல வீசிங் வந்து, செவுத்துல சாஞ்சு ஒக்காந்தே கெடந்தா. நெஞ்சுக்குள்ள பூனக்குட்டி கத்துற மாதிரி சத்தம். நேத்து அவ ஃப்ரெண்டு வந்து கூட்டிட்டுப் போயிட்டா. போறப்ப கதவுகிட்ட நின்னு வெயிலு மூஞ்சியப் பாத்தா. அந்தப் பார்வ என்ன பார்வ? ஒன்னாலதான்டீன்னா? இல்ல, நீயும் வாயேன்னா? கேட்டிருக்கணும். கேக்குறதுக்குத்தான் நாக்கு இருக்கே, ஊருக்கே கேக்குற நாக்கு. நேத்து மட்டும் ஒட்டிக்கிச்சு. சரி, சிரிப்பு மூஞ்சி கை தவறிப் பட்டிருக்கும். கை தவறி நெஞ்சுல கை வெச்ச மூஞ்சி பட வேண்டியதுதான, சிரிப்புதான் படுமா?

அவ ஹாட் பிரஸ்ஸத் தெறந்து பாத்தா. வெந்நி உருளை நிக்கிற அலமாரி, துணி காய வெக்கிறதுக்கு இந்த ஊர்க்காரங்க வெச்சிருக்கிறது, இவங்க ரெண்டு பேரும் இட்லி மாவு வெச்சிருக்காங்க. உருளையோட கதகதப்புல ஒரு ராத்திரியில மாவு பொங்கி மூடியத் தள்ளிட்டு வரும். இப்ப கல்லு மாதிரி கெடந்துச்சு, மோந்து பாத்தா பச்ச உளுந்து வாட. புளிக்க வேண்டிய மாவு புளிக்கல, புளிக்கக் கூடாத டேங்கு புளிச்சுப் போச்சு. சிரிப்பு வந்துச்சு அவளுக்கு, வந்த சிரிப்பு பாதியில நின்னுச்சு. நேத்து வந்த மெக்கானிக்கு டெக்லன் பாய்லருக்கு முன்னாடி இருக்கிற ஃபில்டர் குண்டான கழட்டி அவ மூக்குக்கு நேரா காட்டுனானே, உள்ள பழுப்பா, கொழகொழன்னு, சளி மாதிரி. டேங்குக்கு அடியில தண்ணி நிக்குது, தண்ணிக்கும் எண்ணெக்கும் நடுவுல இது வளருது, வளந்து கொழாயில ஏறுது, டேங்க சுத்தம் பண்ணாம பாய்லரப் பத்த வெக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அவன் சொல்லி முடிக்கும் முன்னாடியே அவளுக்குத் தெரிஞ்சுருச்சு, இது என்ன வகை, எதத் தின்னு வளரும், எந்தக் கோட்டுல குடியிருக்கும்னு. தெரிஞ்சதுதான் வெக்கம். வகுப்புல தட்டுல வளத்து எண்ணுறவ வீட்டுல தொட்டியில வளத்துட்டாளா? கோட்டுலதான் வாழும் அது, எண்ணெயில சாப்பாடு, தண்ணியில மூச்சு. தண்ணி இல்லேன்னா ஒண்ணும் இல்ல. தண்ணி எங்கேருந்து வந்துச்சு, அது ஒண்ணுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குத்தான் அங்கிள் குங்குமப் படத்த எடுத்துப் பதிலாப் போட்டுட்டாரு.

எண்ணெ எண்ணெங்கிறாங்களே, உள்ள இருக்கிறது சாட்சாத் மண்ணெண்ணெதான். வந்த புதுசுல, ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம், லாரி வந்து பெரிய கொழாய நீட்டி டேங்குல ரொப்புனப்ப அந்த வாட தெருவெல்லாம் அடிச்சுச்சு, அவ அப்படியே நின்னுட்டா, அப்பா வந்துட்டாருன்னு. சிவகாசியில ஆப்செட் பிரஸ்ஸுல மெஷின் ஓட்டுறவரு அப்பா, மை ஒட்டுன உருளைய மண்ணெண்ணெ போட்டுத்தான் தொடைப்பாங்க, எத்தன சோப்புப் போட்டாலும் சட்டையில அந்த வாட போகாது, அம்மா தனியாத் தொவைப்பா. பழைய வேட்டித் துணிய நாலா மடிச்சு அதுல மண்ணெண்ணெய வடிகட்டுவாரு. ஏன்ப்பான்னா, தண்ணி கலந்திருந்தா உருளையில புள்ளி விழும், புள்ளி விழுந்தா காலண்டர்ல சாமி மூஞ்சியில புள்ளி விழும், மொதலாளி என் மூஞ்சியில துப்புவாரும்பாரு. அப்ப தெரியுந்தான அவளுக்கு. மண்ணெண்ணெய்க்குத் தண்ணி ஆகாதுன்னு நாலு வயசுலயே தெரிஞ்சவ. அந்த வீட்டுப் பொண்ணு சொம்பத் தூக்கி ஊத்துச்சு. ஆனா அதே அப்பா ஆயுத பூஜைக்கு அதே மெஷின கழுவு கழுவுன்னு கழுவி, பொட்டு வெச்சு, மால போட்டு, அன்னைக்கு மட்டும் மெஷினத் தொடக் கூடாதுன்னு கையக் கட்டிட்டு நிப்பாரு. உழைக்கிற சாமானக் கழுவாம பொட்டு வெக்கக் கூடாது. அது யாரும் சொல்லிக் குடுத்து வர்றதில்ல, கையே செய்யும். இங்க வந்து முதல் ஆயுத பூஜை, லேப்டாப்பு, மிக்ஸி, மெர்லினோட சைக்கிளு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சு முடிச்சாச்சு. டேங்கு ஞாபகத்துலயே இல்ல. அங்கிள் சுண்டலுக்கு வந்தாரு, கிண்ணத்தக் கையில வெச்சுக்கிட்டு, குளிர் பூரா ஒங்களக் காப்பாத்தப் போறது அதுதான்மா, அத விட்டுட்டீங்களேன்னு பின்கட்டக் காட்டுனாரு. காட்டுனவரு அவரு. அது சத்தியம். அதுல கொழப்பமே இல்ல.

கொழப்பம் அதுக்கப்புறம்தான். டேங்கு அவ தலைக்கு மேல. உச்சியில வாயி, வாய்க்கு மூடி கெடையாது, எப்பவோ ஒடஞ்சு போச்சாம், அதுக்குப் பதிலா ஒரு பழைய இட்லிச் சட்டி மூடியக் கவுத்து மேல ஒரு செங்கல்ல வெச்சிருந்தாரு அங்கிள். அன்னைக்கு அவருதான் செங்கல்ல எடுத்தாரு, மூடியத் தூக்குனாரு, நீளமான தொடப்பக் கம்பு ஒண்ண உள்ள விட்டு எண்ணெ எம்புட்டு இருக்குன்னு பாத்தாரு. கம்புல நுனி மட்டுந்தான் நனஞ்சுது, கோடையில வீடு காலியாக் கெடந்தப்ப ரொப்பல, அடுத்த வாரம் லாரியச் சொல்றேன்னாரு. அப்புறம், நல்லா ஊத்திக் கழுவும்மான்னாரு. அவ எட்டி, நுனிக்கால்ல நின்னு, உச்சி தெரியாமலே சொம்பச் சாச்சா. செவ்வந்தியப் பிச்சுத் தூவுனா. இப்ப, அவரு மூடியத் திருப்பி வெச்சது சொம்புக்கு முன்னாடியா, பின்னாடியா? டங்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு, செங்கல்லு தகரத்துல வெக்கிற சத்தம். அது கேட்டப்ப அவ கையில சொம்பு இருந்துச்சா, பூத்தட்டு இருந்துச்சா? சொம்புன்னா மூடுனதுக்கு அப்புறம் ஊத்துனது, தண்ணி வெளிய வழிஞ்சிருக்கும். தட்டுன்னா மூடுறதுக்கு முன்னாடியே ஊத்தியாச்சு, உள்ள போயிருக்கும். நேத்து ராத்திரி பூரா அந்த டங்கக் கேட்டா. ஒரு தடவ கையில சொம்பு, மறு தடவ தட்டு. நூறு தடவ கேட்டா நூறு தடவயும் கை மாறுது. சொம்பு ஒண்ணா ரெண்டான்னும் இப்ப சந்தேகம் வந்துருச்சு. இப்படியே நெனச்சுட்டு நின்னா சாயங்காலத்துக்குள்ள டேங்கையே நாந்தான் ஒடச்சேன்னு தோணிரும்.

காலியான ஊறுகா பாட்டில ஒண்ணக் கழுவித் தொடச்சு, மாப்பு வாளிய இன்னொரு கையில எடுத்துட்டு பின்கட்டுக்குப் போனா. மழையும் இல்ல, வெயிலும் இல்ல, இந்த ஊருக்குன்னு ஒரு வெளிச்சம், பழைய சோத்துத் தண்ணி நெறத்துல. விபூதிப் பட்ட இன்னும் அழியல. இத்தன மாச மழையில அழியாத விபூதி, அதுக்கே ஒரு பட்டம் குடுக்கலாம். அடியில ஒரு சின்னக் கொழாயி, டெக்லன் தெறந்து பாத்தது. குந்தி ஒக்காந்து பாட்டிலப் பிடிச்சுத் திருகுனா. எண்ணெ வரும்னு நெனச்சா, மொதல்ல கொஞ்சம் தண்ணி வந்துட்டு அப்புறம் எண்ணெ வரும், ஒரு சொம்புத் தண்ணி எவ்வளவு நேரம் வரும்? பழுப்பாத் தண்ணி வந்துச்சு. மண்ணெண்ணெ வாடையோட அழுகுன முட்ட வாட. பாட்டில் ரொம்புச்சு. வாளிய வெச்சா. தண்ணிதான். ரெண்டு சொம்புன்னே வெச்சுக்குவோம், மூணுன்னே வெச்சுக்குவோம், வாளி பாதிக்கு மேல ஏறுது, தண்ணிதான். கொழாய மூடுறப்ப கை வெறச்சுப் போயி திருப்பிக்கூட முடியல, ஆனா நெஞ்சுக்குள்ள என்னமோ எளகுச்சு. இது நான் ஊத்துனது இல்ல. எந்தச் சாமிக்கும் இவ்வளவு அபிஷேகம் நான் பண்ணதில்ல. அங்கிள், ஒங்க டேங்கு ஊறுன கெணறு. பாதி காலியா வெச்சா செவுரு வேர்க்கும், வேர்த்த தண்ணி அடிக்கு எறங்கும், வருசா வருசம் எறங்கும், வடிச்சு விடணும், ரொப்பி வெக்கணும், ஃபில்டர மாத்தணும், வாய மூடணும். ஒங்க வாயச் சொல்லல, டேங்கு வாய.

உள்ள வந்து பாட்டில ஜன்னல் கட்டையில வெச்சா. கலங்கலா இருந்துச்சு, தெளியட்டும்னு நின்னா. வகுப்புல இப்படி நிக்கிறது பழக்கம், கலங்குனது தானாத் தெளியணும், அசைக்கக் கூடாது, அவசரப்படக் கூடாது. அவளுக்கா அவசரப்படாம நிக்கத் தெரியும்? கை போனுக்குப் போச்சு, மெர்லின் எழுதியிருக்காளான்னு பாத்தா, இல்ல. இன்ஹேலர எடுத்துட்டுப் போனாளா? குளியலறை அலமாரியில பாத்தா, இல்ல, எடுத்துட்டுத்தான் போயிருக்கா. திரும்பி வந்தா. பாட்டில்ல மேல ஒரு விரல் அகலத்துக்கு எண்ணெ கண்ணாடியாத் தெளிஞ்சு நின்னுச்சு, கீழ பழுப்புத் தண்ணி, நடுவுல அந்தக் கோடு, தோல் மாதிரி. தோலுல என்னமோ ஒட்டிட்டு இருந்துச்சு. மஞ்சளா. மூக்கக் கண்ணாடியில ஒட்டிப் பாத்தா. செவ்வந்தி இதழ். ஒண்ணே ஒண்ணு, ஊறி, நரம்பு தெரியிற அளவுக்கு வெளுத்து.

தட்டு. அப்ப கையில இருந்தது தட்டு. டங்கு பின்னாடிதான் கேட்டுச்சு. வாயி தெறந்திருந்தப்ப ஊத்துனது, பூவும் தண்ணியும் சேந்து உள்ள போச்சு. அடுப்படி நாற்காலியில ஒக்காந்துட்டா. இப்ப யோசன நிக்காம சுத்துச்சு, புடிக்க முடியல. அடியில பல வருசமா நின்ன தண்ணி, சரி, அது பாட்டுக்கு நின்னுச்சு, பாய்லருக்குப் போற கொழாய்க்குக் கீழ நின்னுச்சு, ஒருத்தரையும் ஒண்ணும் பண்ணல. அதுக்கு மேல ஒரு சொம்பு. அந்த ஒரு சொம்புதான் கோட்ட ஒசத்துச்சோ? கோடு ஒசந்து கொழாய் வாயத் தொட்டுச்சோ? அந்த ஒரு சொம்பு இல்லேன்னா இந்தக் குளிரு தாண்டியிருக்குமோ, மெர்லின் ஒக்காந்தே தூங்காம இருந்திருப்பாளோ, அந்தப் பூனக்குட்டிச் சத்தம் வந்திருக்காதோ? கடைசிச் சொம்பு ஊத்துனவதான் கொலகாரின்னா, ஆமா, நாந்தான். இத யாரும் கேக்கல, அங்கிளுக்குக்கூட இவ்வளவு தூரம் யோசிக்கத் தெரியாது, அவளே கேட்டு அவளே பதில் சொல்லி அவளே மாட்டிக்கிட்டா. இதழ எடுத்துக் குப்பையில போட்டுட்டா யாருக்குத் தெரியும்? ஒரு இதழ். நகத்துல எடுத்துரலாம். பாட்டில் மூடிய பாதி திருகிட்டா. திருகுன கை நின்னுச்சு. எடுத்துட்டு அப்புறம் என்ன மூஞ்சிய வெச்சுட்டு அவரக் கேக்குறது? ஒளிக்கிறதுக்கு ஒண்ணு இருந்தா நாக்கு பாதியாயிரும். இருக்கிறது இந்த நாக்கு ஒண்ணுதான்.

கோவமா, பயமா, என்னன்னு தெரியாம எந்திரிச்சு, டீ வடிகட்டிய எடுத்து, வாளித் தண்ணிய பெரிய பாத்திரத்துல கொஞ்சம் கொஞ்சமா வடிச்சா. அப்பா வேட்டித் துணியில வடிக்கிற மாதிரியே, ஓரமாச் சாச்சு, கலக்காம. இன்னொரு இதழ் வரும்னு எதிர்பாத்தா, வந்துச்சு, வரட்டும்னு தட்டுல எடுத்து வெச்சா. அப்புறம் மக்கிப் போன எல, கறுப்பா, நரம்பு மட்டும். அப்புறம் பாசி. அப்புறம் வலையில கடகடன்னு என்னமோ உருண்டுச்சு. தட்டுல கவுத்தா. நத்தக் கூடு. பட்டாணி அளவுல ஒண்ணு. இன்னொண்ணு, மொளகு அளவு, மேல தோல் உரிஞ்சு வெள்ளையா. விரலால தள்ளித் தள்ளிப் பாத்தா, ஏழெட்டு இருந்துச்சு, ஒண்ணு தொட்டதும் மாவாப் போயிருச்சு. இட்லிச் சட்டி மூடிக்கு அடியில ஈரத்துல வந்து ஒதுங்கி, உள்ள வழுக்கி விழுந்து, செத்து, அடியில ஒக்காந்து, மேல தண்ணி ஏறி, அதுக்கு மேல இன்னொண்ணு விழுந்து. இதெல்லாம் அவ பாஸ்போர்ட் எடுக்குறதுக்கு முன்னாடியே விழுந்ததா இருக்கும். ஆயுத பூஜைக்கு சுண்டல் படச்சோம், பொரி படச்சோம், நத்த படச்சோமா?

கடைசிச் சொம்பு என்னோடதுதான். அது நெஞ்சுலேருந்து போகாது, போக வேண்டாம், கெடக்கட்டும். ஆனா கடைசிச் சொம்புக்கு முன்னாடி ஒரு முதல் சொம்பு இருக்குல்ல. வெள்ளத் தட்டுல ஒரு பக்கம் ரெண்டு இதழ், மறு பக்கம் நத்தக் கூட்ட வெச்சு, பக்கத்துல பாட்டில நிறுத்திப் படம் புடிச்சா. சங்கத்துக் குரூப்பத் தெறந்தா. கீழ புதுசா ரெண்டு சிரிப்பு மூஞ்சி, யாரோ ஒருத்தரு வீடு இன்னும் இருக்கான்னு கேட்டிருந்தாரு. விரலு வெறச்சுப் போயி எழுத்தெல்லாம் தப்புத் தப்பா விழுந்துச்சு, அழிச்சு அழிச்சு எழுதுனா. பாதியில போன் அடிச்சுது. குணசீலன் அங்கிள். ஒரு வேள மனசு மாறியிருக்கலாம், தனியாக் கூப்புட்டு, விடும்மா, நடந்தது நடந்து போச்சுன்னு சொல்லலாம், இருங்கம்மான்னுகூட சொல்லலாம். அது போதுமே, இருக்கிறதுக்கு எடம் கெடச்சாப் போதும்தான? அடிச்சு ஓஞ்சுது. திருப்பி அடிச்சுது. அவ கட் பண்ணிட்டு மிச்சத்த எழுதி அனுப்புனா.

“வணக்கம். நான் வெயிலுகந்தாள், காலையில நீங்க சிரிச்ச டேங்கு வீட்டுல இருக்கிறவ. படத்துல இடது பக்கம் இருக்கிற பூ நான் போட்டது. கூட ஒரு சொம்புத் தண்ணியும் ஊத்துனேன், மூடியத் தெறந்தவரு ஊத்தச் சொன்னதால ஊத்துனேன், பக்கத்துல நின்ன மெர்லினுக்கும் தெரியும். மெர்லின், நெஞ்சு சரியானதும் நீயும் சொல்லு. வலது பக்கம் இருக்கிற நத்த எல்லாம் அதே டேங்குக்குள்ளேருந்து இன்னைக்கு வடிச்சது. வாளித் தண்ணியும் வீட்டுல அப்படியே இருக்கு, யாரு வேணா வந்து பாக்கலாம். குணசீலன் அங்கிள், போன் பண்ணாதீங்க, எடுக்க மாட்டேன். நானூறு பேருக்கு முன்னாடி கேட்டீங்க, நானூறு பேருக்கு முன்னாடி சொல்றேன், பூ என்னோடது. நத்த யாரோடது? இங்கயே எழுதுங்க.”